இரண்டு அங்குலம்

மேற்குச் சுவரைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது.
செங்கல் இடுக்குகளில் பொட்டுப் பொட்டாய்ப் பூசி அடைத்த துளைகள்,
கலவை மட்டும் கொஞ்சம் வெளுத்து,
நாலாவது வரிசையில் ஒன்று கோணலாய்.
அன்று ஏணி வழுக்கியது.
கோணல் என்னுடையது.

பதினாலு வருஷம்.
திருமதி ப்ராபெர்ட்டுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.
அப்போது எனக்குத் தாடி கிடையாது,
நிறுவனத்துக்கு வேறு பெயர்,
வேனின் பக்கவாட்டில் குல்லாய் போட்ட பெங்குயின் ஒன்று சிரிக்கும்.
"மானியம் இருக்கு, ஒரு பென்னி செலவில்லை,
வீட்டுக்கே ஸ்வெட்டர் போட்ட மாதிரி"
என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னேன்.
இருபத்திரண்டு வயது. நாளைக்கு மூன்று வீடு.

வெளியே ஒரு சுவர், உள்ளே ஒரு சுவர்,
நடுவில் இரண்டு அங்குலம் ஒன்றுமில்லை.
அந்த ஒன்றுமில்லையை
யாரோ மறந்து விட்டுப்போன இடம் என்று நினைத்தேன்.
குழாயைச் சொருகிப் பஞ்சை ஊதினேன்.
சுவருக்குக் காது உண்டு என்பார்கள்.
இதற்கு நுரையீரல் இருந்தது.

மாடியில் அலமாரியை நகர்த்திக் காட்டினார்.
உள்சுவரெங்கும் கறுப்பு, திட்டுத் திட்டாய், கூரைவரை.
"இட்வால் இதை மந்தை என்பார்.
ஞாயிறுதோறும் ப்ளீச் வாளியோடு மேய்க்கப் போவார்.
தேவாலயத்தை விட்டதே அதனால்தான்."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
ஆய்வுக்கு வந்தவர்கள் மூன்று பேர்,
மூன்று பேரும் ஒரே பாட்டு:
கெட்டிலை அதிகம் கொதிக்கவிடுகிறீர்கள்,
துணியை உள்ளே உலர்த்துகிறீர்கள்,
ஜன்னலைத் திறங்கள்.
ஜனவரியில் ஜன்னலைத் திறந்துவைத்து
கோட்டுப் போட்டபடி சோபாவில் உட்கார்ந்திருந்தார்களாம்,
இருவரும், ஏதோ ரயிலுக்குக் காத்திருப்பதுபோல.

நான் ஈரமானியை வைத்தேன். கத்தியது.
வேறெங்கோ பார்த்தேன்.

துளை போட்டுக் கேமராவை உள்ளே விட்டோம், நானும் க்ரிஃபும்.
திரையில் நனைந்த பஞ்சு, செத்த ஆட்டின் ரோமம்போல்.
அதன் நடுவே ஒரு இரும்புக் கொக்கி,
இரண்டு சுவரையும் பிடித்துக்கொண்டு.
அதன் மத்தியில் ஒரு முறுக்கு.
1934-ல் யாரோ யோசித்து வைத்த முறுக்கு:
வெளியிலிருந்து தவழ்ந்து வரும் துளி
இங்கே தடுமாறட்டும், கீழே விழட்டும்,
உள்ளே போக வேண்டாம்.
விழ இடமில்லாமல் துளி
என் பஞ்சைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறது.

அடிவரிசையில் செங்கல்லை எடுத்து உறிஞ்சு குழாயை மாட்டினோம்.
இரண்டு நாள். அறுபத்தொரு சாக்கு.
உலர்ந்திருந்தால் ஒரு கையால் தூக்கலாம்;
தோளில் ஏற்ற இரண்டு பேர் வேண்டியிருந்தது.
கழுத்து வழியே தண்ணீர் இறங்கியது.
இந்த விரிகுடாவின் பதினாலு குளிர்காலத்து மழை,
கொஞ்சம் புளித்த வாசனையோடு.

தேநீர் கொண்டுவந்தார். கூடவே ஒரு காகிதம்.
இருபத்தைந்து வருட உத்தரவாதம், மூலையில் பெங்குயின்.
கீழே கையெழுத்து: ஹெஃபின் ரோலண்ட்ஸ்.
இன்று காலை நான் போட்ட கையெழுத்தை
அதன் பக்கத்தில் வைத்தார்.
"ரோலண்ட்ஸில் அந்த வால் மாறவே இல்லை," என்றார்.

கோப்பை சூடாக இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.
மன்னிப்புக்கு வெல்ஷில் நல்ல சொற்கள் இரண்டு உண்டு,
இரண்டும் அப்போது வாய்க்கு வரவில்லை.
"காய எவ்வளவு நாளாகும்?" என்று கேட்டார்.
அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கணக்கு.
நாலரை அங்குலம்.
"அப்படியானால் மே மாதம் வா.
நீயே வா. வேறு யாரையும் அனுப்பாதே."

புதுத் துளைகளை நிறம் பார்த்துக் குழைத்து அடைத்தேன்.
கோணலை அப்படியே விட்டேன்.

வேனில் ஏறியதும் மழை, மேற்கிலிருந்து, படுக்கையாக.
க்ரிஃப் சாவியை நீட்டினான். வாங்கவில்லை.
செங்கல் கறுத்துக்கொண்டே வந்தது.
அதற்கு அப்பால் இரண்டு அங்குலத்தில்
என்ன நடக்கிறது என்று
இங்கிருந்து தெரியாது.